புதிரில் 2200, போர்டில் 1480: ஓட்டை எங்கே?

நள்ளிரவு_சிப்பாய் | ஞாயிறு, இரவு 11:20

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இங்கே சத்தமில்லாமல் படித்துவிட்டுப் போகிறவன். இன்றைக்குப் புலம்ப ஆள் வேண்டும், அதனால் கணக்குத் திறந்துவிட்டேன்.

லிசெஸ் என்ற செஸ் இணையதளத்தில் என் புதிர் ரேட்டிங் 2200ஐத் தாண்டிவிட்டது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தினமும் முப்பது புதிர். காய்ச்சல் வந்த நாளில்கூட விட்டதில்லை. ஆனால் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேப்பிட் (வேக ஆட்ட) ரேட்டிங் 1480. 2024 மார்ச்சில் இருந்து அடிமட்டமே 1400தான் என்பது உங்களுக்குத் தெரியும். அதாவது தரையில் இருந்து ஒரு முழம் உயரத்தில் நிற்கிறேன்.

இன்று ஒரு கல்யாண மண்டபத்தில் ஒருநாள் போட்டி. நாலாவது சுற்றில் எதிரே பத்து வயதுப் பையன். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடவில்லை. எனக்கு வெள்ளை. சிப்பாய் இ4, அவன் இ5. குதிரை எஃப்3, அவன் குதிரை சி6. பிஷப் சி4, அவன் சிப்பாய் டி6. குதிரை சி3, அவன் பிஷப் ஜி4.

என் எஃப்3 குதிரை ராணியோடு சேர்ந்து "பின்" ஆகி நிற்கிறது, அதாவது குதிரை நகர்ந்தால் பின்னால் இருக்கிற ராணி போய்விடும். பார்த்ததும் மண்டைக்குள் மணி அடித்தது. லெகால் மேட்! நூறு தடவையாவது போட்ட புதிர். பின்னைப் பற்றிக் கவலைப்படாமல் இ5 சிப்பாயைக் குதிரையால் வெட்டு. அவன் ஆசைப்பட்டு ராணியை எடுத்தால் பிஷப் எஃப்7ல் செக், ராஜா இ7, இன்னொரு குதிரை டி5ல் மேட். பத்து விநாடிகூட யோசிக்கவில்லை, வெட்டிவிட்டேன்.

பையன் ராணியைத் தொடவே இல்லை. சி6 குதிரையால் என் குதிரையை எடுத்தான். அந்தக் குதிரையே இப்போது ஜி4 பிஷப்புக்குக் காவலும் ஆகிவிட்டது. ஒரு சிப்பாய்க்கு ஒரு முழுக் குதிரையைக் கொடுத்துவிட்டு, இன்னும் இருபத்தைந்து நகர்த்தல் வெட்கமில்லாமல் இழுத்தேன். முடிந்ததும் கை கொடுத்துவிட்டு, "அங்கிள், அது சி6ல குதிரை இல்லாதப்பதான்" என்றான். உண்மைதான். அதுதான் இன்னும் வலிக்கிறது.

சரி, கேள்வி இது: இரண்டு வருடம் புதிர் போட்டது வீணா? இல்லை, போடுகிற விதம் தப்பா?

—

மூணாங்கட்டம் | ஞாயிறு, இரவு 11:34

இந்த ஊரில் பத்து வயதுப் பையனிடம் தோற்பதெல்லாம் ஒரு செய்தியே இல்லை சார். நான் எட்டு வயதுப் பெண்ணிடம் தோற்றவன். அவள் நடுவில் எழுந்து போய் பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு வந்தாள். என் கடிகாரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

—

யானைவழி | திங்கள், காலை 6:10

சிப்பாய், முதலில் அந்த நிலையையே பார்த்துவிடலாம். அதற்குள்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது.

நீங்கள் ஒரே ஒரு நகர்த்தல் முன்னால் எச்3 போட்டு, பிஷப் எச்5க்குப் பின்வாங்கியிருந்தால் அதே குதிரைப் பலி சரியாகியிருக்கும், சி6ல் குதிரை இருந்தும்கூட. அவன் குதிரையால் குதிரையை வெட்டினால் நீங்கள் ராணியால் எச்5 பிஷப்பை எடுக்கலாம். இ5ல் இருக்கிற குதிரைக்கு எச்5 எட்டாது, ஜி4 எட்டும். பிறகு அவன் உங்கள் சி4 பிஷப்பை வெட்டினால், ராணி பி5ல் ஒரு செக் வைத்து அந்தக் குதிரையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். கூட்டிக் கழித்தால் ஒரு சிப்பாய் லாபம்.

ஆக, ஒரு பிஷப் ஜி4ல் நிற்கிறதா எச்5ல் நிற்கிறதா என்பதில் ஆட்டமே தலைகீழாகிறது. உங்களுக்கு உருவம் மனப்பாடம். அந்த உருவம் எதனால் வேலை செய்கிறது என்பது மனப்பாடம் ஆகவில்லை.

மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். புதிர் திறந்த உடனே உங்களுக்கு மூன்று ரகசியங்கள் இலவசமாகக் கிடைத்துவிடுகின்றன. ஒன்று, இங்கே ஏதோ இருக்கிறது. இரண்டு, அது உங்கள் பக்கம்தான் இருக்கிறது. மூன்றாவது, பெரும்பாலும் ஒரே ஒரு நகர்த்தல்தான் சரி. லிசெஸ்ஸில் இன்னும் ஒரு படி மேலே போய், எதிராளியின் கடைசித் தப்பையே திரையில் நகர்த்திக் காட்டிவிட்டுத்தான் உங்களிடம் ஒப்படைப்பார்கள். "இதோ, இப்போதுதான் தப்பு செய்தார்" என்று யாரோ தோளைத் தட்டிச் சொன்ன மாதிரி. மண்டபத்தில் யார் தட்டுவார்கள்?

நீங்கள் சொன்ன ஒரு விஷயம் என்னை உறுத்தியது. தினமும் முப்பது. அந்த முப்பதும் எத்தனை நிமிடம்?

—

நள்ளிரவு_சிப்பாய் | திங்கள், காலை 8:02

இருபது, இருபத்தைந்து நிமிடம் இருக்கும் சார். முதல் நகர்த்தல் தோன்றியதும் போட்டுவிடுவேன். அது சரி என்றால் அடுத்தது அதுவாகவே தெரிந்துவிடும்.

—

யானைவழி | திங்கள், காலை 8:15

"அதுவாகவே தெரிந்துவிடும்." அங்கேதான் ஓட்டை. எதிராளியின் பதிலை அந்த மென்பொருள் உங்களுக்காக ஆடிக் காட்டுகிறது. நீங்கள் அதை ஒருபோதும் யோசிக்கவில்லை. பையன் ராணியை எடுப்பான் என்று நீங்கள் கணக்குப் போட்டதும் அதனால்தான். புதிரில் அவர்கள் எப்போதும் எடுப்பார்கள்.

—

புயல்வேகம் | திங்கள், பகல் 1:40

யானைவழி அண்ணாவுடன் மரியாதையாகச் சண்டை போட வந்திருக்கிறேன்.

வேகப் புதிரைக் குறை சொல்வது இப்போது ஒரு ஃபேஷன் ஆகிவிட்டது. நான் ஹாஸ்டலில் தினமும் லிசெஸ்ஸின் ஸ்டார்ம் என்ற வேகப் புதிர் ஆட்டம் ஆடுகிறவன். மூன்று நிமிடம், தப்பாக நகர்த்தினால் பத்து விநாடி போய்விடும், தொடர்ந்து சரியாகப் போட்டால் விநாடி கூடும். ஆறு மாதத்தில் என் பிளிட்ஸ் (அதிவேக ஆட்ட) ரேட்டிங் நன்றாக ஏறியது. காரணம் எளிது: பின்வரிசை மேட்டையும் குதிரை ஃபோர்க்கையும் (ஒரே குதிரை இரண்டு காய்களைத் தாக்குவது) நான் இப்போது யோசிப்பதில்லை, பார்க்கிறேன். யோசனை மிச்சமாகிறது. மிச்சமானதை வேறு இடத்தில் செலவழிக்கலாம்.

இது என் அபிப்பிராயம் மட்டுமல்ல. 1973ல் சேஸ், சைமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செஸ் நிலைகளை ஐந்து விநாடி காட்டிவிட்டு மறைத்து, நினைவில் இருந்து அடுக்கச் சொன்னார்கள். உண்மையான ஆட்டத்தில் வந்த நிலை என்றால் மாஸ்டர் பெரும்பகுதியை அடுக்கிவிடுகிறார். காய்களைக் கன்னாபின்னா என்று இறைத்து வைத்தால் அந்த மாஸ்டரும் நம்மைப் போலத்தான் முழிக்கிறார். அதாவது அவருக்கு நினைவாற்றல் கூடுதல் இல்லை. பார்த்த உருவங்கள் கூடுதல். அந்த ஹெர்பர்ட் சைமன்தான் பின்னால் பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கியவர்.

ஆனந்தைப் பாருங்கள். 2013 ஜனவரி, நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீ போட்டி, ஆரோனியனுக்கு எதிராகக் கறுப்பில் 23 நகர்த்தலில் முடித்த ஆட்டம். இரண்டு பிஷப்புகளும் வெள்ளை ராஜாவைப் பார்த்து நிற்க, காய்களை வரிசையாகப் பலி வைத்தார். அதைப் பார்த்த எல்லோருக்கும் 1907ல் ரூபின்ஸ்டைன், ரோட்லெவியை வீழ்த்திய ஆட்டம் ஞாபகம் வந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய உருவம் மனதில் இருந்தது, வேலை செய்தது.

இன்னொன்று. 2016ல் கார்ல்சன் உலகப் பட்டத்தைத் தக்கவைத்தது எப்படி? கர்யாகினோடு நடந்த கடைசி ரேப்பிட் ஆட்டத்தில் 50வது நகர்த்தலாக ராணியை எச்6ல் கொண்டுபோய் வைத்தார். ராஜா எடுத்தால் யானை எச்8ல் மேட். சிப்பாய் எடுத்தால் இன்னொரு யானை எஃப்7ல் வெட்டி மேட். இரண்டே நகர்த்தல். நம் புதிர்ப் பட்டியலில் போட்டால் நடுத்தர ரேட்டிங்கில் வந்து நிற்கும். அத்தனை மணி நேரக் களைப்புக்குப் பிறகு அது கண்ணில் படவேண்டுமே!

—

மூணாங்கட்டம் | திங்கள், பகல் 1:52

அன்றைக்கு அவருக்குப் பிறந்தநாள் வேறு. நமக்குப் பிறந்தநாளன்று ராணியை யாராவது ஃபோர்க் போடுவார்கள்.

—

யானைவழி | திங்கள், இரவு 9:30

புயல், நீ சொன்ன ஒன்றுக்கும் நான் எதிரி இல்லை. அடிப்படை உருவங்கள் கை நுனியில் இருக்கவேண்டும். அதற்கு வேகப் புதிர் நல்ல மருந்து. ஸ்வீடனின் ஹான்ஸ் டிக்கனென் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான்: ஒரே புதிர்க் குவியலைச் சுற்றுச் சுற்றாகத் திரும்பப் போடுவது, ஒவ்வொரு சுற்றிலும் நேரத்தைக் குறைப்பது. 2010 கோடையில் சில வாரங்களிலேயே கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு வேண்டிய நார்ம்களை (தகுதிச் சாதனைகளை) முடித்தார். மரங்கொத்தி முறை என்று பெயர். கொத்திக்கொண்டே இருக்கவேண்டும்.

ஆனால் கவனி. அவர் முதல் சுற்றில் ஒவ்வொன்றையும் முழுசாகக் கணக்குப் போட்டுத்தான் தீர்த்தார். வேகம் கடைசிச் சுற்றில் வந்தது. நம் ஆட்கள் முதல் சுற்றையே கடைசிச் சுற்று மாதிரி ஆடுகிறார்கள்.

சிப்பாயின் வியாதி உருவம் தெரியாதது இல்லை. உருவம் தெரிந்ததால் யோசனை நின்றுபோனது. லெகால் மேட்டே தெரியாத ஒருவர் அந்த இ5 சிப்பாயைத் தொட்டிருக்கமாட்டார்!

—

கயல்_அம்மா | செவ்வாய், காலை 10:45

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குச் செஸ் அவ்வளவாகத் தெரியாது. மகளுக்கு ஒன்பது வயது. பயிற்சி வகுப்பில் ஒரு நாளைக்கு நூறு புதிர் கணக்குக் கொடுக்கிறார்கள். பள்ளி விட்டு வந்து, வீட்டுப்பாடம் முடித்து, எட்டரை மணிக்கு டேப்லெட்டை எடுத்தால் டக் டக் என்று தட்டிக்கொண்டே போகிறாள். தப்பானால் உடனே அடுத்தது. நூறு முடிந்ததா என்று மட்டும்தான் பார்க்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எந்தக் காயை எடுத்தாலும் முதலில் ஏதாவது ஒரு செக் வைத்துப் பார்க்கிறாள். பாதி நேரம் அது சரியாகவும் ஆகிவிடுகிறது!

இது படிப்பா விளையாட்டா என்றே எனக்குப் புரியவில்லை. வகுப்பில் போய்க் கேட்கவும் தயக்கமாக இருக்கிறது.

—

யானைவழி | செவ்வாய், காலை 11:20

அம்மா, நீங்கள் செஸ் தெரியாமலே சரியாகப் பிடித்துவிட்டீர்கள். செக் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். செக், வெட்டு, மிரட்டல் என்று வரிசையாகத் தேடச் சொல்லித்தான் நாங்களே கற்றுக்கொடுப்போம். தேடுவது வேறு, தட்டிப் பார்ப்பது வேறு.

வீட்டில் இதைச் செய்து பாருங்கள். பத்தே பத்து புதிர். டேப்லெட் உங்கள் கையில். அவள் நிஜப் போர்டில் காய்களை அடுக்கவேண்டும். அடுக்கும்போதே பாதி நிலை மனதில் ஏறிவிடும். பிறகு உங்களிடம் வாயால் முழு விடையும் சொல்லவேண்டும்: "நான் இப்படி, அவன் இப்படி, அப்புறம் நான் இப்படி." நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "அவன் அதைச் செய்யாவிட்டால்?" இதற்கு உங்களுக்குச் செஸ் தெரியவேண்டாம். தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது, முகத்தைப் பார்த்து விடை கண்டுபிடிக்கமாட்டாள்.

மீதித் தொண்ணூறு பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன். அது அவர்கள் வகுப்பு. ஆனால் நேரில் போய்க் கேளுங்கள், தயங்காதீர்கள். நல்ல பயிற்சியாளருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும்.

—

தாத்தா64 | செவ்வாய், மாலை 4:05

நூறு புதிர் என்றதும் எனக்கு மணிலா ஞாபகம் வந்துவிட்டது. ஆனந்த் சின்னப் பையனாக அப்பாவின் வேலை நிமித்தம் பிலிப்பைன்ஸில் இருந்தபோது, அங்கே தொலைக்காட்சியில் பகலில் ஒரு செஸ் நிகழ்ச்சி வரும். கடைசியில் ஒரு புதிர் கொடுப்பார்கள். பையன் பள்ளியில் இருப்பான். அம்மா சுசீலா அதைக் குறித்து வைத்திருப்பார். சாயங்காலம் இரண்டு பேருமாக உட்கார்ந்து தீர்த்து, விடையைத் தபாலில் அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். இவரே திரும்பத் திரும்ப ஜெயித்ததால் கடைசியில், வேண்டிய புத்தகங்களை அள்ளிக்கொண்டு போ, இனிமேல் விடை அனுப்பாதே என்றே சொல்லிவிட்டார்களாம். ஆனந்தே பல பேட்டிகளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

நான் கவனிப்பது ஒரு நாளைக்கு ஒரு புதிர் என்பதை. விடையைத் தபால்பெட்டியில் போட்ட பிறகு திருப்பி எடுக்கமுடியாது என்பதையும். கயல் அம்மா, நீங்கள் குறிப்பெடுக்கிற வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

எங்கள் காலத்திலும் பத்திரிகைப் புதிரைக் கத்தரித்து நோட்டில் ஒட்டுவோம். விடை அடுத்த வாரம்தான். ஏழு நாள் அந்த நிலை தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். பேருந்தில், குளியலறையில், ஒரு தடவை ஒரு துக்க வீட்டில்கூட. (அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.)

இளைஞர்களுக்கு ஒன்று போடுகிறேன். கணினியின் செஸ் எஞ்சினைத் தொடாமல் தீர்க்கவேண்டும்.

வெள்ளை: ராஜா பி6, சிப்பாய் சி6.
கறுப்பு: ராஜா ஏ1, யானை டி5.
வெள்ளை ஆடி ஜெயிக்கவேண்டும்.

நாலே காய்தான்.

—

மூணாங்கட்டம் | செவ்வாய், மாலை 4:20

நாலு காய் என்றால் எனக்கும் கணக்கு வரும். சிப்பாய் சி7. யானை டி6ல் செக். ராஜா சி5, யானையை மிரட்டுகிறேன். அவன் யானை ஓடும், நான் சிப்பாயை எட்டாவது வரிசைக்குக் கொண்டுபோய் ராணி எடுப்பேன். முடிந்தது. பரிசுப் புத்தகத்தை எங்கே வாங்கிக்கொள்வது ஐயா?

—

தாத்தா64 | செவ்வாய், மாலை 4:31

யானை டி1க்கு ஓடும் தம்பி. ராணி எடுங்கள். யானை சி1ல் வந்து செக் வைக்கும், ராஜா நகர்ந்ததும் பின்னால் நிற்கிற ராணி போய்விடும். புத்தகம் இல்லை.

—

மூணாங்கட்டம் | செவ்வாய், மாலை 4:33

நான் டீ குடிக்கப் போகிறேன்.

—

புயல்வேகம் | செவ்வாய், இரவு 7:15

ராஜா சி வரிசைக்குப் போகக்கூடாது, பி வரிசையிலேயே இறங்கவேண்டும். பி7க்கு ஏறினால் யானை டி7ல் சிப்பாயைப் பின் செய்துவிடும், அதுவும் டிரா. ஆகவே: சி7, யானை டி6 செக், ராஜா பி5, யானை டி5 செக், ராஜா பி4, யானை டி4 செக், ராஜா பி3, யானை டி3 செக், இப்போது ராஜா சி2. செக் தீர்ந்தது. யானை சி வரிசைக்கும் வரமுடியாது. அடுத்து ராணி. ஜெயம். நாலு நிமிடம் ஆனது.

—

தாத்தா64 | செவ்வாய், இரவு 7:40

அழகு. கறுப்பு இப்போது யானையை டி4ல் வைக்கிறது. நீங்கள் ராணி எடுக்கிறீர்கள். பிறகு?

—

புயல்வேகம் | செவ்வாய், இரவு 7:52

ஐயோ. யானை சி4ல் செக். ராணி அதை வெட்டித்தான் ஆகவேண்டும், வெட்டினால் ஏ1 ராஜாவுக்குப் போக இடமே இல்லை. ஸ்டேல்மேட்.

அப்படியானால் இது டிராதானே? நீங்கள் தப்பாக ஜெயம் என்று எழுதிவிட்டீர்களா?

—

வல்லை_வெளி | செவ்வாய், இரவு 10:10

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். புதிர் பார்த்துக்கொண்டிருக்கிறேன், விடை இன்னும் பிடிபடவில்லை. அதற்கிடையில் சிப்பாயின் கேள்விக்கு ஒன்று.

நாங்கள் எப்போதும் அடிக்கிற பக்கத்தில் இருந்தே புதிர் போடுகிறோம். அடி வாங்கப்போகிறவர் பக்கத்தில் இருந்து போடுவதே இல்லை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் உலகப் பட்டப் போட்டியின் கடைசி ஆட்டம் நினைவிருக்கும். அப்போதைய சாம்பியன் டிங் லிரென் 55வது நகர்த்தலில் யானையை எஃப்2ல் வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் பிஷப்பை டி5க்குக் கொண்டுவந்தார். ஏ8 மூலையில் கிடந்த வெள்ளை பிஷப்புக்குப் போக்கிடம் இல்லை. அதுவும் வெட்டுப்பட்டால் மிஞ்சுவது கறுப்பு வெல்லுகிற சிப்பாய் முடிவாட்டம். பதினெட்டு வயதில் உலக சாம்பியன்.

அந்த நிலையைக் "கறுப்பு ஆடி வெல்க" என்று புதிராகப் போட்டால் இங்கே எழுதுகிற எல்லோரும் தீர்ப்பார்கள். அதையே ஒரு நகர்த்தல் முன்னால் நிறுத்தி, "வெள்ளை ஆட்டம், எங்கே யானையை வைக்கக்கூடாது?" என்று கேட்டால்? உலக சாம்பியனுக்கே தவறிய கேள்வி அது.

நானும் நண்பரும் இப்படிப் பழகுகிறோம். அவர் எனக்குப் பத்து நிலை அனுப்புவார். நாலில் ஏதாவது அடி இருக்கும். மூன்றில் எதிராளி எனக்கு அடி வைத்திருப்பார், நான் தடுக்கவேண்டும். மூன்றில் ஒன்றுமே இல்லை, நல்ல ஒரு நகர்த்தல் ஆடிவிட்டுப் போகவேண்டியதுதான். எது எதுவென்று சொல்லமாட்டார். முதல் வாரம் "ஒன்றுமே இல்லை" நிலைகளில் எல்லாம் நான் யானைகளைப் பலி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

—

யானைவழி | செவ்வாய், இரவு 10:40

வல்லை, அந்த மூன்று வெற்று நிலைகள்தான் பொன். ஆள் கிடைக்காதவர்கள் லிசெஸ்ஸில் தற்காப்பு, அமைதியான நகர்த்தல், சமநிலை என்ற தலைப்புகளைத் தேர்ந்து போடலாம். முழு மாற்று ஆகாது, தலைப்பே ரகசியத்தைச் சொல்லிவிடும். ஆனாலும் மேட் மேட் என்று அலைகிற கண்ணுக்கு ஓய்வு.

—

நள்ளிரவு_சிப்பாய் | புதன், அதிகாலை 12:55

தாத்தா, தூக்கம் போச்சு. போர்டை எடுத்து அடுக்கி ஐம்பது நிமிடம் ஆகிறது. ராணி எடுத்தால் ஸ்டேல்மேட் என்றால் ராணி எடுக்கவேண்டாம். யானை எடுக்கிறேன்! சி8ல் யானை. இப்போது யானை சி4ல் செக் வைத்தால் வெட்டிவிடுவேன், ஏ2 திறந்து இருப்பதால் ஸ்டேல்மேட் இல்லை. அதோடு ஏ8ல் போய் மேட் என்ற மிரட்டலும் இருக்கிறது. சரியா?

—

தாத்தா64 | புதன், காலை 5:20

முக்கால்வாசி சரி. கறுப்பு யானை ஏ4க்கு வந்து அந்த மேட்டைத் தடுக்கிறது. யானைக்கு யானை. இப்போது?

—

நள்ளிரவு_சிப்பாய் | புதன், காலை 7:48

பல் தேய்க்கும்போது பிடித்துவிட்டேன். ராஜா பி3! ஏ4 யானையையும் தாக்குகிறது, சி1ல் மேட்டும் மிரட்டுகிறது. இரண்டையும் தடுக்கமுடியாது.

—

தாத்தா64 | புதன், காலை 8:30

அதேதான். இப்போது கதையைச் சொல்லலாம். 1895ல் கிளாஸ்கோவில் ஒரு வாரப் பத்திரிகையின் செஸ் பத்தியில் பார்பியே என்பவர் இந்த முடிவாட்டத்தைப் போட்டார். விடை டிரா என்றே அச்சானது. புயல்வேகம் கண்டுபிடித்த அதே ஸ்டேல்மேட்தான் அவருக்கும் அழகாகத் தெரிந்தது. அதே ஊரில் இருந்த பெர்னாண்டோ சாவேத்ரா என்ற ஸ்பானியப் பாதிரியார் மட்டும், யானை எடுத்தால் வெள்ளை ஜெயிக்கிறதே என்று காட்டினார். அவர் ஒன்றும் பெரிய ஆட்டக்காரர் இல்லை. செஸ் உலகம் அவர் பெயரை வைத்திருப்பது இந்த ஒரே நகர்த்தலுக்காக. அச்சான விடையை அவர் நம்பியிருந்தால் அதுவும் இல்லை.

புயல், கோபப்படாதீர்கள். டிராவா என்று நீங்கள் கேட்டது எனக்குப் பிடித்தது.

—

புயல்வேகம் | புதன், காலை 9:05

கோபமெல்லாம் இல்லை ஐயா. ஆனால் ஸ்டார்மில் இது வந்திருந்தால் ராணிதான் எடுத்திருப்பேன். சிப்பாய் எட்டாவது வரிசைக்குப் போனதும் தானாகவே ராணியாகட்டும் என்று அமைப்பில் போட்டு வைத்திருக்கிறேன். இப்போதுதான் மாற்றினேன்.

—

கயல்_அம்மா | சனி, இரவு 9:10

யானைவழி சார் சொன்னபடி நான்கு நாள் செய்தோம். முதல் நாள் அழுகை. இரண்டாம் நாள் "அவன் அதைச் செய்யாவிட்டால்?" என்று நான் கேட்டதும், "அம்மா, நீ ஏன் அவன் கட்சி?" என்றாள். நேற்று அவளாகவே ஒரு புதிரில், "இது தப்பு, அவனுக்கு இங்கே பிஷப் இருக்கு" என்று நிறுத்திவிட்டு வேறு தேடினாள். பத்துக்கு ஆறு சரி. முன்பு நூற்றுக்கு எழுபது வரும். அதனால் முன்பைவிட மோசம் என்று நினைக்கிறாள். எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. வகுப்பிலும் பேசினேன். நூறை நாற்பதாகக் குறைத்திருக்கிறார்கள்.

—

நள்ளிரவு_சிப்பாய் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10:30

திரும்ப வந்தேன். கணக்குக் கொடுக்கவேண்டுமே.

முதலில் செய்தது, நான் இணையத்தில் கடைசியாகத் தோற்ற இருபது ஆட்டங்களை எடுத்துப் பார்த்தது. நானே அடிக்கக்கூடிய அடியைக் கோட்டைவிட்டது நாலு. கடிகாரம் தீர்ந்தது மூன்று. எதிராளி என்னைவிட நன்றாக ஆடியது இரண்டு, அதில் மனக்குறை இல்லை. மீதிப் பதினொன்றும் ஒரே ரகம்: அவர் கடைசியாக நகர்த்திய காய் எதை மிரட்டுகிறது என்று நான் பார்க்கவே இல்லை. இரண்டு வருடம் தினமும் முப்பது புதிர் போட்டு, இந்தப் பதினொன்றுக்கு ஒரு நாள்கூடப் பயிற்சி செய்யவில்லை.

இப்போது தினமும் ஆறு புதிர். நோட்டில் முழு வரிசையையும், எதிராளியின் இரண்டு பதில்களையாவது எழுதிய பிறகுதான் திரையைத் தொடுவது. தப்பானவை தனிப் பக்கம்; ஞாயிற்றுக்கிழமை அதை மட்டும் திரும்பப் போடுவது. ரேட்டிங் அறுபது ஏறியிருக்கிறது. அது முக்கியமில்லை என்று எழுத ஆசை, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. புயல்வேகத்துக்காகச் சொல்கிறேன், ஸ்டார்மையும் விடவில்லை. காலையில் ஒரே ஒரு ஆட்டம், காபி ஆறும்வரை.

இன்று இன்னொரு மண்டபம், பதினைந்து நிமிடம் பத்து விநாடிக் கணக்கு. ஐந்து சுற்றில் மூன்று புள்ளி. ஒரு ஆட்டத்தில் எதிராளி குதிரையைச் சும்மா நகர்த்துவது மாதிரி நகர்த்தினார். கையைத் தொடையின் கீழ் வைத்துக்கொண்டு பார்த்தேன், இரண்டு நகர்த்தலில் என் யானையும் ராஜாவும் ஃபோர்க் ஆகின்றன. ராஜாவை ஒதுக்கி வைத்தேன். அவர் முகம் மாறியது. மேட் போட்டால்கூட எனக்கு அவ்வளவு திருப்தி வந்திருக்காது.

ஆனால் கடைசிச் சுற்றைக் கேளுங்கள். எச்7ல் பிஷப் பலி, ராஜா எடுத்தால் குதிரை ஜி5ல் செக், அப்புறம் ராணி. நமக்குத் தெரிந்த அதே கிரேக்கப் பரிசு. கையெட்டும் தூரத்தில் இருந்தது. "அவன் அதைச் செய்யாவிட்டால்?" என்று ஆரம்பித்தேன். ராஜா ஜி6க்கு ஏறி வந்தால்? நாலு நிமிடம் போனது. துணிச்சல் வரவில்லை, வேறு எதையோ ஆடினேன், டிரா. வீட்டுக்கு வந்து நினைவில் இருந்து நிலையை அடுக்கி எஞ்சினில் போட்டேன். பலி சரியாம். சுத்தமாக ஜெயிக்கிறதாம்.

—

மூணாங்கட்டம் | ஞாயிறு, இரவு 10:41

முன்பு போடக்கூடாத இடத்தில் போட்டீர்கள், இப்போது போடவேண்டிய இடத்தில் விட்டீர்கள். முழுச் சுற்று வந்தாச்சு. டீ குடிக்கலாம் வாருங்கள்.

—

யானைவழி | ஞாயிறு, இரவு 11:05

ராஜா ஜி6க்கு வந்த பிறகு ராணியை எங்கே வைத்துப் பார்த்தீர்கள்? ஜி4லா, எச்4லா?

—

நள்ளிரவு_சிப்பாய் | ஞாயிறு, இரவு 11:12

ஜி4 மட்டும்தான் பார்த்தேன் சார். எஃப்5 சிப்பாய் வந்து ராணியைத் துரத்தியதும் அங்கேயே நிறுத்திவிட்டேன். எச்4 மனதுக்கே வரவில்லை.

—

யானைவழி | ஞாயிறு, இரவு 11:15

எஞ்சின் என்ன சொன்னது என்று எழுதாதீர்கள். நிலையை மட்டும் போடுங்கள். நாளைக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன்.